அப்பகுதியைச் சேர்ந்த ஒருவர்

நாற்பத்தைந்து நாள், பன்னிரண்டாயிரம்,
பெட்ரோல் தனி.
"கல்விச் செய்தி உனக்கு" என்றார் துரைராசு சார்.
லீவு விட்டாச்சே, என்னத்த எழுத, என்றேன்.
பூட்டிக் கிடக்கும்போதுதான்
பள்ளிக்கூடத்துக்கு வேலை ஜாஸ்தி என்றார்.

உண்மைதான்.
ரிசல்ட் அன்று பிளெக்ஸ் கடையில் மை காயவில்லை,
மாவட்ட முதலிடத்தின் மூக்கு
என் கட்டைவிரலில் அப்பிக்கொண்டது.
பெருமாநல்லூர் ரோட்டு மைதானத்தில்
அறுபத்தெட்டு மஞ்சள் பஸ்கள், தகுதி ஆய்வு.
அவசரக் கதவைத் திறக்கச் சொன்னார் அதிகாரி.
இரண்டில் திறக்கவில்லை.
ஒன்றில் கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.
எழுதிக் கொடுத்தேன்.
"ஒரு தனியார் பள்ளி" என்று அச்சாகியிருந்தது.
பள்ளியின் பெயர்
அன்றைக்கே ஐந்தாம் பக்கத்தில், கால் பக்கத்துக்கு,
கலரில்.

அப்பா பவர் டேபிள் டெய்லர்.
"கேள்வி கேக்கறதுக்குச் சம்பளமா?
எங்க கம்பெனில கேள்வி கேட்டா
கணக்கு முடிச்சு அனுப்பிருவாங்க."

மே பதினெட்டு.
ஊஞ்சக்காட்டுவலசு தொடக்கப்பள்ளி, பதிவேட்டில் பதினாறு பேர்.
சுலோச்சனா டீச்சர் கைக்காசில் ஆட்டோ பிடித்து
மைக் கட்டியிருந்தார்.
காலைச் சோறு உண்டு, சீருடை உண்டு,
செருப்பு உண்டுங்க, செருப்பு உண்டு,
உப்பு விற்பவரைப் போலக் கூவினார்.
லைன் வீடுகளில் ஒரு தலையும் திரும்பவில்லை.
குக்கர் மட்டும் பதில் சொன்னது.

பனியன் வேஸ்ட் மூட்டைக்குப் பின்னாலிருந்து
இடுப்பில் ஒரு தம்பியோடு வந்தாள்.
"மைக்க இக்கட்டக் குடுங் டீச்சர்.
நா சொல்றனுங்."
ஒடியாவில் என்ன சொன்னாளோ.
நடுவில் "செருப்பு" மட்டும் தமிழில் வந்தது.
ஒரு கதவு திறந்தது. எதிர்க் கதவு.
மூன்று மணி நேரம் கத்தினாள்,
தம்பி அழும்போது மைக்கை டீச்சரிடம் கொடுத்துவிட்டு.
ஐந்து பேர் சேர்ந்தார்கள்.
மசிப் பெட்டியில் ஐந்து கட்டைவிரல்கள்.

நீ எத்தனாவது?
"அங்க நாலாவது வரைக்கும் போனனுங்.
இங்க வந்தங்காட்டி இவன் பொறந்துட்டான்."
பெயர் லிப்சா. வயது பன்னிரண்டு.
எங்களிடம் அஞ்சாவது வரைக்கும்தான் என்றார் டீச்சர்,
என்னைப் பார்க்காமல்,
குடையை விரித்து மடக்கி விரித்து.
நடுநிலைப்பள்ளி மூணு கிலோமீட்டர்.
தம்பியோடு விடமாட்டார்கள்.

பென்சிலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"உங்களுக்கு எவ்ளோ தர்றாங்கக்கா?"
பன்னிரண்டாயிரம்.
"மாசத்துக்கா?"
நாப்பத்தஞ்சு நாளுக்கு.
கொஞ்சம் இரக்கமாகத்தான் பார்த்தாள்.
"எங்கம்மா செக்கிங்லயே மாசம் பதினாலு வாங்குதுங்."

இருநூறு சொல்லுக்குள் முடி என்றார் சார்.
முந்நூற்றுப் பத்து இருந்தது.
"பொண்ணு வயசப் போட்டா அது வேற செய்தி.
வேற செய்தியை நாளைக்கு எழுது."
நாளைக்குப் பாடநூல் லாரி வந்தது.
அதற்கு மறுநாள் கழிப்பறைத் திறப்பு விழா.
அச்சில் வந்தது இவ்வளவுதான்:
"அப்பகுதியைச் சேர்ந்த ஒருவர் மொழிபெயர்த்து உதவினார்."
பஸ்ஸுக்கு ஒரு, இவளுக்கு ஒருவர்.
'ர்' போட்டிருக்கிறார்கள், மரியாதைதான்.
மேலே தடித்த எழுத்தில், பெயரில்லாமல், நானும்:
நமது பயிற்சி நிருபர்.

பணம் வந்துவிட்டதாக
ஐந்தாம் தேதி போன் அதிர்ந்தது.
அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

பள்ளி திறந்த திங்கள்கிழமை
வண்டி தானாகவா அங்கே போகும்?
ஐந்து பேரையும் கயிறு பிடித்த மாதிரி
வரிசையாக அழைத்து வந்தாள்.
ஆறு ஜோடிச் செருப்புச் சத்தம் கேட்குமா என்று
காதைத் தீட்டியிருந்தேன்.
அவளுடையது ரப்பர், பழையது, ஒரு வார் ஊக்கில் நின்றது.
ஐவரும் உள்ளே போனார்கள்.
அவள் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்று
தம்பியை இடுப்பு மாற்றினாள்.
என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"இன்னைக்கு எவ்ளோ தர்றாங்க?"
இன்னைக்கு ஒண்ணுமில்ல. முடிஞ்சு போச்சு.
"அப்பறம் எதுக்குங் வந்தீங்க?"

மணி அடித்தது.
பென்சிலைத் தேடுவது போல்
பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.